சீன விந்தைக் கதைகளும் புனைவெழுத்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறுகதை எழுதப் பழகுபவர்களும், சில காலம் எழுதிவிட்டுக் கற்பனை வறண்டுபோய் நின்றுவிட்டவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். பழஞ்சீனக் கதைகளைப் பல ஆண்டுகளாக மொழிபெயர்ப்புகளின் வழியே வாசித்து, அவற்றால் என் எழுத்து உயிர்த்ததை உணர்ந்தவன் என்பதே நான் இதை எழுதுவதற்குரிய தகுதி.

சீனத் தேவதைக் கதைகள் என்று எவற்றைச் சொல்கிறோம்?

தேவதைக் கதை என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் எழுவது சிறகு முளைத்த தேவதையும் மந்திரக்கோலும் கொண்ட ஐரோப்பியக் கதை. அந்த எதிர்பார்ப்போடு சீனக் கதைகளைத் திறப்பவர் ஏமாந்துபோவார். அங்கே ஒருபுறம் மக்கள் வாய்மொழியாகச் சொல்லிவந்த பெருங்கதைகள் உள்ளன. மாட்டிடையனும் நெசவுப் பெண்ணும், மெங் ஜியாங்நு, லியாங் ஷான்போவும் ஜூ யிங்தாயும், வெண்பாம்புப் பெண் ஆகிய நான்கையும் சீனர்கள் தங்கள் நாட்டுப்புறக் கதைகளில் தலையாயவையாகக் கருதுகிறார்கள். மறுபுறம் படித்த அறிஞர்கள் கேட்டதைக் கேட்டபடி குறித்துவைத்த சிறு சிறு கதைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. இவ்வகை எழுத்துக்கு ஜிகுவாய் என்று பெயர். ‘விந்தைகளைப் பதிவுசெய்தல்’ என்பது அதன் நேர்ப்பொருள். 4ஆம் நூற்றாண்டில் ஜின் அரசவையில் வரலாற்றாசிரியராக இருந்த கான் பாவ் தொகுத்த சோஷென் ஜி, 9ஆம் நூற்றாண்டில் தாங் பேரரசின் காலத்தில் துவான் செங்ஷி எழுதிய யோயாங் ட்சாட்சூ, 17ஆம் நூற்றாண்டில் பூ சோங்லிங் எழுதத் தொடங்கிய லியாவ்ஜாய் ஜியி ஆகியவை இவ்வகையில் முதன்மையானவை. இப்பக்கத்தில் நான் பெரிதும் பேசப்போவது இந்த இரண்டாம் வகையைப் பற்றித்தான். எழுத்தாளருக்கு அதிகம் பயன்படுவது அதுவே என்பது என் எண்ணம்.

எழுத்தாளருக்கு இவற்றில் அப்படி என்ன கிடைக்கிறது?

‘பதிவுசெய்தல்’ என்ற சொல்லிலேயே விடை இருக்கிறது. இக்கதைகளை எழுதியவர்கள் தங்களைக் கற்பனையாளர்களாகக் கருதிக்கொள்ளவில்லை; நடந்ததாகக் கேள்விப்பட்ட ஒன்றை, வரலாற்றுக் குறிப்பு எழுதுவதுபோல், இன்ன ஊரில் இன்னார் மகனுக்கு இன்ன ஆட்சிக்காலத்தில் இப்படி நேர்ந்தது என்று எழுதினார்கள். பேய் வந்தாலும் பாம்பு பேசினாலும் அந்தக் குரல் உயர்வதில்லை. யார் மனத்தில் என்ன ஓடியது என்பதை அவர்கள் பெரும்பாலும் எழுதாமல் விட்டுவிட்டார்கள். எழுதாமல் விட்ட அந்த இடம்தான் நமக்குரிய இடம்.

சோஷென் ஜியில் உள்ள லி ஜியின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். தென்கிழக்குச் சீனத்து மின்யுவே நாட்டில் ஒரு மலைப் பொந்தில் எழுபது எண்பது அடி நீளமுள்ள பெரும்பாம்பு இருந்தது. பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெண்களைப் பலியாகக் கேட்டது. அதிகாரிகளும் ஆண்டுதோறும் அடிமைக் குடும்பங்களிலிருந்தும் குற்றவாளிகளின் குடும்பங்களிலிருந்தும் ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்து அனுப்பினார்கள். அப்படி ஒன்பது பெண்கள் போய்விட்டார்கள். பத்தாம் ஆண்டில் லி தான் என்பவரின் ஆறு மகள்களில் கடைசிப் பெண்ணாகிய லி ஜி தானே முன்வந்தாள். ஆண் பிள்ளையில்லாத வீட்டில் தன்னை வளர்ப்பது வீண் செலவு, தன்னை விற்றால் சிறிது பணமாவது கிடைக்கும் என்று பெற்றோரிடம் வாதாடினாள். அவர்கள் இணங்காததால் ஒருவருக்கும் தெரியாமல் புறப்பட்டுப் போனாள். நல்ல வாள் ஒன்றும் பாம்பைக் கடிக்கும் நாய் ஒன்றும் வாங்கிக்கொண்டாள். தேன் கலந்த சோற்றுருண்டைகளைப் பொந்தின் வாயில் வைத்தாள். பாம்பு அதைத் தின்ன வெளியே வந்தபோது நாயை ஏவிவிட்டுப் பின்னாலிருந்து வெட்டிக் கொன்றாள். பிறகு பொந்துக்குள் இறங்கி ஒன்பது மண்டையோடுகளையும் எடுத்துவந்து, நீங்கள் அஞ்சி நடுங்கியதால் பாம்புக்கு இரையானீர்கள், எவ்வளவு பரிதாபம் என்று அவற்றிடம் சொன்னாள். அதற்குப் பின் வருவது ஒரு சிறு வாக்கியம்: அவள் மெதுவாக நடந்து வீடு திரும்பினாள்.

அந்த ‘மெதுவாக’ என்ற சொல்லை முதன்முறை வாசித்த அன்று என்னால் மேற்கொண்டு படிக்க முடியவில்லை. எழுபது அடிப் பாம்பைக் கொன்ற பெண் ஏன் ஓடவில்லை? களைப்பா, வெற்றியா, தன்னை விற்க முன்வந்தும் தடுக்க முடியாத பெற்றோர் இருக்கும் அந்த வீட்டுக்குத் திரும்ப மனமில்லாமையா? கான் பாவ் சொல்லவில்லை. பின்னர் யுவே அரசன் அவளை மணந்தான், தந்தைக்குப் பதவி கிடைத்தது என்று கதை முடிந்துவிடுகிறது. ஆனால் பொந்துக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட அந்த நடையில் ஒரு முழுச் சிறுகதை இருக்கிறது. அதை யாரும் இன்னும் உங்கள் மொழியில், உங்கள் கண்ணோடு எழுதவில்லை.

ஒரு பழங்கதையிலிருந்து என் கதைக்கு எப்படிச் சென்று சேர்வது?

கதையின் தொடக்கத்தையும் நடுவையும் விட, அது முடிந்ததாக நாம் எண்ணும் இடத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள் என்பதே நான் முதலில் சொல்வது. துவான் செங்ஷி பதிவுசெய்த யே ஷியனின் கதை இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. ஐரோப்பாவில் 1697இல் அச்சான சிண்ட்ரெல்லா கதைக்கு எட்டு நூற்றாண்டுகள் முன்பே எழுதப்பட்ட, அதே சாயல் கொண்ட கதை என்று இது புகழ்பெற்றிருக்கிறது. அந்தப் புகழே அதற்குத் தீங்கும் செய்திருக்கிறது: பலர் செருப்பு பொருந்திய இடத்தோடு வாசிப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

யே ஷியன் தாயையும் பின்னர் தந்தையையும் இழந்தவள். சிற்றன்னை அவளைச் செங்குத்தான மலைக்கு விறகு பொறுக்கவும் ஆழமான இடத்தில் தண்ணீர் மொள்ளவும் அனுப்புவாள். ஒருநாள் செந்நிறத் துடுப்பும் பொற்கண்களும் கொண்ட, இரண்டு அங்குல நீளமுள்ள சிறு மீன் அவளுக்குக் கிடைத்தது. பாத்திரம் மாற்றி மாற்றி வளர்த்தாள். எதிலும் அடங்காமல் வளர்ந்ததும் குளத்தில் விட்டாள். அவள் வரும்போது மட்டும் அது கரையில் தலைவைத்துப் படுக்கும். சிற்றன்னை அவளுக்குப் புத்தாடை கொடுத்துத் தொலைவுக்கு அனுப்பிவிட்டு, அவளுடைய பழைய ஆடையை உடுத்திச் சென்று, தலை நீட்டிய மீனை வெட்டிக் கொன்று சமைத்தாள். எலும்புகளைக் குப்பைமேட்டின் கீழ் புதைத்தாள். வானிலிருந்து இறங்கிய, தலை விரிந்த, முரட்டுத் துணியணிந்த ஒருவர் சொல்லக் கேட்டு யே ஷியன் அந்த எலும்புகளை எடுத்து ஒளித்துவைத்தாள், வேண்டியதெல்லாம் கிடைத்தது. திருவிழாவுக்கு மீன்கொத்தி இறகு மேலாடையும் பொற்செருப்பும் அணிந்து போனாள். திரும்பும் அவசரத்தில் ஒரு செருப்பு நழுவியது. அது பல தீவுகளை ஆண்ட தூஹான் நாட்டு அரசனிடம் போய்ச் சேர்ந்தது. அவளைக் கண்டுபிடித்து அழைத்துப்போனான்.

இதற்குப் பின் உள்ளதைக் கவனியுங்கள். சிற்றன்னையும் அவள் மகளும் எங்கிருந்தோ பறந்துவந்த கற்களால் அடிபட்டு இறந்தார்கள். ஊரார் இரங்கி அவர்களைக் கற்குழியில் அடக்கம் செய்து, ‘வருந்திய பெண்களின் கல்லறை’ என்று பெயரிட்டார்கள். அங்கே பெண் வேண்டி வணங்கினால் வேண்டுதல் பலித்தது என்கிறது கதை. கொடியவளின் சமாதி எப்படி வேண்டுதல் தலமாகியது? அந்த ஊரில் முதன்முதலாக அங்கே போய்க் கைகூப்பியவள் யார்? அரசனோ மீன் எலும்புகளிடம் பேராசையோடு மணிகளைக் கேட்டுக்கொண்டே இருந்தான். ஓராண்டுக்குப் பின் அவை எதையும் தரவில்லை. அவற்றைக் கடற்கரையில் ஏராளமான முத்துகளோடு புதைத்தான். பிறகு படைவீரர்கள் கலகம் செய்தபோது அந்தப் புதையலைத் தோண்டிப் படைக்குக் கொடுக்க எண்ணினான். ஓரிரவில் அலை வந்து அனைத்தையும் கொண்டுபோய்விட்டது. இவ்வளவும் நடக்கும்போது யே ஷியன் எங்கே இருந்தாள் என்று கதையில் ஒரு சொல்லும் இல்லை. அரசன் தன் தோழனாகிய மீனின் எலும்புகளைக் கசக்கிப் பிழிவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாளா? சிற்றன்னை ஒருமுறை கொன்றாள், கணவன் இரண்டாம் முறை கொன்றான் என்று அவளுக்குத் தோன்றியிருக்குமா?

இப்படிக் கேள்விகளை எழுதிக்கொண்டே போய், எந்தக் கேள்வி உங்களுக்கு உறக்கம் வராமல் செய்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை விட்டுவிடுங்கள். மீனையும் செருப்பையும் கூட விட்டுவிடலாம். தான் நேசித்த ஒன்றின் மிச்சத்தைத் தன்னை மீட்டவனே சுரண்டுவதைப் பார்க்கும் ஒரு பெண் என்ற நிலைமை கையில் இருந்தால், அது எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் நிகழக்கூடிய கதையாகிவிடும்.

இன்னொரு செய்தியும் உண்டு. இக்கதையைத் தனக்குச் சொன்னவர் தன் வீட்டில் முன்பு பணிபுரிந்த லி ஷியுவான் என்றும், அவர் தெற்கே யோங்ஜோ பகுதியின் குகைவாழ் மக்களைச் சேர்ந்தவர் என்றும், அப்பகுதியின் வியப்பான செய்திகள் பலவற்றை நினைவில் வைத்திருந்தார் என்றும் துவான் செங்ஷி கதையின் முடிவில் எழுதியிருக்கிறார். ஒரு பெரிய மனிதர் தன் பணியாளின் பெயரைச் சொல்லிக் கதையை முடிப்பது அக்காலத்தில் எவ்வளவு அரிது! அந்த வீட்டில் அந்தக் கதை சொல்லப்பட்ட மாலைப்பொழுதும் ஒரு கதைக்கான வித்துதான்.

பழங்கதையில் சிறு மாற்றம் செய்வது சொந்தப் படைப்பாகுமா?

ஆகும், சீன மரபே அதற்குச் சான்று. மெங் ஜியாங்நுவின் கதை இன்று எல்லாருக்கும் தெரிந்த வடிவில் இப்படி: பெருஞ்சுவர் கட்டும் கட்டாய வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்ட கணவனுக்குக் குளிராடை எடுத்துப்போன மனைவி, அவன் இறந்துவிட்டதை அறிந்து அழுதாள், சுவர் இடிந்து அவன் எலும்புகள் வெளிப்பட்டன. ஆனால் இதன் மூல விதையில் பெருஞ்சுவரும் இல்லை, அழுகையும் இல்லை. கி.மு. 550இல் சீ நாட்டு வீரன் சீ லியாங் போரில் இறந்தான். திரும்பி வந்த அரசன் வழியில் அவன் மனைவியைக் கண்டு இரங்கல் தெரிவிக்க முயன்றபோது, நடுவழியில் அதை ஏற்க அவள் மறுத்துவிட்டாள், அரசன் வீட்டுக்குச் சென்று துக்கம் கேட்டான் என்று மட்டும் ட்சோ ஜுவான் என்ற வரலாற்று நூல் சொல்கிறது. முறை தவறாத ஒரு பெண்ணைப் பற்றிய சிறு குறிப்பு, அவ்வளவுதான். பின்வந்த நூலொன்று அவள் உருக்கமாக அழுதாள் என்று சேர்த்தது. கி.மு. முதல் நூற்றாண்டில் லியூ ஷியாங், பத்து நாள் அழுததில் நகர மதில் சரிந்தது என்றும் அவள் ஆற்றில் பாய்ந்தாள் என்றும் எழுதினார். தாங் காலத்தில்தான் அந்த மதில் பேரரசன் சின் ஷிஹுவாங்கின் பெருஞ்சுவராக மாறியது. போரில் இறந்த வீரன் வேலையில் செத்த கூலியானான். 1924இல் கூ ஜியேகாங் என்ற அறிஞர் இந்த வளர்ச்சியை நூல் நூலாகத் தேடி எழுதிய ஆய்வு சீன நாட்டார் வழக்காற்றியலில் ஒரு மைல்கல்.

இதில் எழுத்தாளர் கற்க வேண்டியது, ஒவ்வொரு தலைமுறையும் ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றியது என்பதை. எல்லாவற்றையும் மாற்றியவர் ஒருவரும் இல்லை. சுவர் மாறியதும் கதையின் எதிராளி மாறினான். எதிராளி மாறியதும் அழுகையின் பொருள் மாறியது. நீங்களும் ஒரே ஒரு மாற்றத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் விளைவுகளைக் கடைசிவரை நேர்மையாகப் பின்தொடருங்கள்.

வெண்பாம்பின் கதையில் மாறியது பாத்திரத்தின் தன்மை. 1624இல் ஃபெங் மெங்லோங் அச்சிட்ட வடிவில், ஹாங்ஜோ நகரத்து மேற்கு ஏரிக்கரையில் இளைஞனை மணக்கும் பாம்புப் பெண் அவனைத் துன்பங்களில் மாட்டிவிடும் மாயவளாகவே பெரிதும் தெரிகிறாள். துறவி ஃபாஹாய் அவளை லெய்ஃபெங் கோபுரத்தின் கீழ் அடைப்பது நியாயம்போல் முடிகிறது. பின்னர் மேடை நாடகங்கள் அவளுக்கு ஒரு மகனைக் கொடுத்தன. காதலையும் துணிவையும் கொடுத்தன. பார்வையாளர்களின் மனம் அவள் பக்கம் சாய்ந்தது. 1924இல் உண்மையான லெய்ஃபெங் கோபுரம் இடிந்து விழுந்தபோது நவீனச் சீன எழுத்தாளர் லூ ஷூன் அதை வரவேற்றுக் கட்டுரை எழுதினார். 2002இல் அதே இடத்தில் புதுக் கோபுரம் எழும்பியிருக்கிறது. மீண்டும் கட்டப்பட்ட கோபுரத்தின் கீழ் இப்போது யார் இருக்கிறார்கள் என்று தொடங்கும் கதையை நான் இன்னும் எழுதி முடிக்கவில்லை. நீங்கள் எழுதினால் மகிழ்வேன்.

மாயம் நிறைந்த கதையை நம்பும்படி எழுதுவது எப்படி?

மாயத்துக்கு விதி வேண்டும். சோஷென் ஜியிலேயே நான்யாங்கைச் சேர்ந்த சோங் திங்போவின் கதை உள்ளது. இரவில் நடந்துபோகும் இளைஞன் ஒரு பேயைச் சந்திக்கிறான். நீ யார் என்று அது கேட்க, நானும் பேய்தான் என்கிறான். வான் நகரச் சந்தைக்கு இருவரும் ஒன்றாகப் போகிறார்கள். களைப்புத் தெரியாமலிருக்க ஒருவரை ஒருவர் மாற்றி மாற்றிச் சுமக்கிறார்கள். நீ இவ்வளவு கனமாக இருக்கிறாயே என்று பேய் ஐயப்படும்போது, நான் அண்மையில்தான் இறந்தேன், அதனால் கனமாயிருக்கிறேன் என்கிறான். ஆற்றைக் கடக்கையில் பேயின் காலடியில் ஓசை இல்லை, இவன் காலடியில் தண்ணீர் சலசலக்கிறது; அதற்கும் அதே விடை. புதிதாக இறந்தவனுக்கு இவை தெரியாது என்ற சாக்கில், பேய்கள் எதற்கு அஞ்சும் என்றும் கேட்டுக்கொள்கிறான்: மனித எச்சிலுக்கு. சந்தையை நெருங்கியதும் இறுகப் பிடிக்கிறான். அது ஆடாக உருமாறுகிறது. மறுபடி மாறாமலிருக்க எச்சில் துப்பி, 1,500 காசுக்கு விற்றுவிட்டுப் போகிறான்.

பேய்க்கு எடை இல்லை, ஓசை இல்லை, எச்சில் ஆகாது என்னும் விதிகள் ஒவ்வொன்றும் நிகழ்ச்சியின் வழியே வாசகருக்குத் தெரியவருவதையும், ஒவ்வொன்றும் இளைஞனுக்கு முதலில் ஆபத்தாகவும் பிறகு கருவியாகவும் மாறுவதையும் கவனியுங்கள். விளக்கவுரைக்காகக் கதை ஓரிடத்திலும் நிற்கவில்லை. முடிவில் வரும் விலையும் முக்கியம். அந்த 1,500 காசு இல்லையென்றால் இது வெறும் பேய்க்கதை, அது இருப்பதால் சந்தையில் நடந்த கதை.

கதைக்கட்டமைப்பில் புதுமை செய்ய விரும்புகிறேன். அதற்கும் இவை உதவுமா?

உதவும். 6ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த வூ ஜுன் எழுதிய கதை ஒன்றைச் சொல்கிறேன். யாங்ஷியன் ஊரைச் சேர்ந்த ஷூ யான் வாத்துக் கூண்டைச் சுமந்து மலைவழியே போகும்போது, கால் வலிக்கிறது என்று வழியோரம் படுத்திருந்த மாணவன் ஒருவன் கூண்டுக்குள் ஏறிக்கொள்கிறான். கூண்டு பெரிதாகவும் இல்லை, அவன் சிறிதாகவும் இல்லை. இரண்டு வாத்துகளும் மிரளாமல் அவனோடு அமர்ந்திருந்தன. சுமப்பவனுக்கும் பாரம் கூடவில்லை. இளைப்பாறும்போது அவன் தன் வாயிலிருந்து உணவுப் பேழையை உமிழ்ந்து விருந்து வைக்கிறான். பிறகு ஒரு பெண்ணை உமிழ்கிறான். அவன் மயங்கி உறங்கியதும் அந்தப் பெண் தன் வாயிலிருந்து தன் காதலனை வெளியே எடுக்கிறாள். அவனோ தனக்கென இன்னொரு பெண்ணை. மாணவன் விழிக்கும் நேரம் வந்ததும் ஒவ்வொருவரும் மற்றவரை விழுங்கி, முதல் நிலைக்குத் திரும்புகிறார்கள். ஷூ யானுக்கு ஒரு செப்புத் தட்டுப் பரிசாகக் கிடைக்கிறது.

ஒருவர் மனத்துக்குள் ஒருவர், அவருள் இன்னொருவர், யாரும் யாரையும் காட்டிக்கொடுக்காத ஓர் உலகம்: காதலையும் மறைவையும் பற்றி இதைவிடச் சுருக்கமாக எழுதப்பட்ட எதையும் நான் படித்ததில்லை. இக்கதையின் வேர் இந்தியாவில் இருக்கிறது என்பது நமக்குக் கூடுதல் மகிழ்ச்சி தரும். பௌத்த நூலொன்றின் சீன மொழிபெயர்ப்பில், அந்தணன் ஒருவன் வாயிலிருந்து குடத்தை உமிழ, அதனுள்ளிருந்து பெண் வர, அவள் வாயிலிருந்து இன்னொரு குடமும் அதற்குள் ஓர் ஆணும் வரும் கதை உள்ளது. வூ ஜுன் அங்கிருந்துதான் எடுத்தார் என்று முன்சொன்ன துவான் செங்ஷியே எழுதியிருக்கிறார். அந்தணன் சீன மாணவனானான், குடம் வாத்துக் கூண்டானது. வேற்று நாட்டுக் கதையை உள்ளூர் மண்ணில் ஊன்றுவது எப்படி என்பதற்கு இம்மாற்றத்தையே பாடமாகக் கொள்ளலாம். வாத்துகள் மிரளவில்லை என்ற அந்தச் சிறு குறிப்பு ஊரில் வாழ்ந்தவருக்கு மட்டுமே தோன்றக்கூடியது.

நரி, டிராகன், மூங்கில் காடு ஆகியவற்றை என் கதையில் சேர்க்கலாமா?

அவற்றின் வேலை என்ன என்று தெரிந்தால் சேர்க்கலாம். பூ சோங்லிங்கின் நரிப்பெண்கள், அதாவது பெண்ணுரு எடுத்த நரிகள், வறிய மாணவனின் தனிமைக்குள் வருபவர்கள். அந்தத் தனிமை இல்லாத கதையில் நரி வெறும் ஒப்பனை.

இவை துயரத்தையும் அநீதியையும் பேசுமா, அல்லது பொழுதுபோக்குக் கதைகள் மட்டுந்தானா?

லியாவ்ஜாய் ஜியியில் உள்ள சிள்வண்டுக் கதையை வாசித்தவர் இப்படிக் கேட்க மாட்டார். 1426 முதல் 1435 வரை நீண்ட ஷுவாண்ட ஆட்சிக்காலத்தில் அரண்மனையில் சிள்வண்டுச் சண்டை பெரும் பொழுதுபோக்காக இருந்ததால், ஊர்தோறும் வண்டுகளை வரியாகத் தண்டினார்கள். வண்டு கொடுக்க முடியாமல் அடிபட்டுப் புண்ணான செங் மிங் என்ற ஏழை கடைசியில் நல்ல வண்டு ஒன்றைப் பிடித்துவந்து பாதுகாக்கிறார். ஒன்பது வயது மகன் ஆவலோடு மூடியைத் திறக்க, வண்டு தாவுகிறது. பிடிக்க முயல்கையில் நசுங்கிச் சாகிறது. அஞ்சிய பிள்ளை கிணற்றில் விழுகிறான். தூக்கி எடுத்தவனுக்கு உயிர் இருக்கிறது, உணர்வு இல்லை. அப்போது வீட்டு வாசலில் ஒரு சின்னஞ்சிறு வண்டு வந்து செங்கின் சட்டைக் கையின் மேல் உட்காருகிறது. அது மற்றெல்லா வண்டுகளையும் வெல்கிறது, சேவலின் கொண்டையையும் கடித்துத் தொங்குகிறது. குடும்பம் செல்வம் பெறுகிறது. ஓராண்டுக்கு மேல் கழிந்து மகனுக்கு நினைவு திரும்பும்போது, தான் வண்டாக இருந்து சண்டையிட்டதாகச் சொல்கிறான்.

அரசின் கொடுமையைப் பற்றிப் பக்கம் பக்கமாக முழங்கியிருந்தாலும் இந்த வலி வந்திருக்காது. ஓர் ஆட்சி முழுவதும் விரலளவு பூச்சிக்குள் அடங்கிவிட்டது. உங்களைக் கோபப்படுத்தும் பெரிய விஷயம் எதுவோ, அது உங்கள் தெருவில் எந்தச் சிறு பொருளாக வந்து கதவைத் தட்டுகிறது என்று தேடுங்கள். அப்பொருளிலிருந்து கதையைத் தொடங்குங்கள்.

சீன மொழி தெரியாமல் இவற்றை நம்பி வாசிக்கலாமா?

வாசிக்கலாம், ஆனால் ஒரே மொழிபெயர்ப்பை நம்பாதீர்கள். ஹெர்பர்ட் கைல்ஸ் 1880இல் லியாவ்ஜாய் ஜியியிலிருந்து 164 கதைகளை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அந்நூல் உலகெங்கும் பரவியது. விக்டோரியா காலத்து வாசகர்களுக்கு ஒவ்வாது என்று கருதிய காமப் பகுதிகளை அவர் நீக்கியும் மாற்றியும் எழுதினார் என்பதை அறியாமல் வாசிப்பவர், பூ சோங்லிங்கை அடக்கமான பெரியவர் என்று எண்ணிக்கொள்வார். ஜான் மின்ஃபோர்டு 2006இல் வெளியிட்ட 104 கதைகளின் மொழிபெயர்ப்பை அதனருகே வைத்துப் படித்தால் வேறொரு மனிதர் தெரிவார். ஒரே கதையின் இரண்டு மொழிபெயர்ப்புகள் எங்கே வேறுபடுகின்றன என்று குறித்துவைப்பது எழுத்துப் பயிற்சிக்கு மிக நல்லது. மொழிபெயர்ப்பாளர்கள் தடுமாறிய இடங்களில்தான் மூலம் செறிவாக இருக்கும்.

சீனர் அல்லாத ஒருவர் இக்கதைகளை எடுத்தாள்வது முறையா? காப்புரிமைச் சிக்கல் வருமா?

பழங்கதைகள் எவருக்கும் சொந்தமான உடைமையல்ல. ஆனால் பழங்கதை என்று எல்லாரும் எண்ணும் சில கதைகள் உண்மையில் பழையவை அல்ல என்பதால் கவனம் வேண்டும். வரைந்ததெல்லாம் உயிர்பெறும் மந்திரத் தூரிகை கொண்ட சிறுவன் மா லியாங்கின் கதையைப் பலர் சீன நாட்டுப்புறக் கதை என்றே சொல்லிவருகிறார்கள்; அது ஹோங் ஷுன்தாவ் எழுதி 1955இல் வெளியான படைப்பு. பழைய கதைகளுக்கும் கூட மொழிபெயர்ப்பாளரின் சொற்கள் மொழிபெயர்ப்பாளருக்கே உரியவை. நிகழ்வை எடுத்துக்கொள்ளலாம், வாக்கியங்களைக் கூடாது.

முறையா என்ற கேள்விக்கு, எடுத்த இடத்தைச் சொல்லுங்கள் என்பதே என் விடை. துவான் செங்ஷி தன் வீட்டுப் பணியாளின் பெயரையே சொல்லியிருக்கும்போது, நாம் துவான் செங்ஷியின் பெயரைச் சொல்வதில் குறைந்துவிட மாட்டோம். கொடுக்கல் வாங்கலும் ஒருவழிப் பாதையாக இருந்ததில்லை. 7ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த யுவான் சுவாங் காஞ்சிபுரம் வரை வந்து அந்நகரைப் பற்றித் தம் பயணக் குறிப்பில் எழுதினார். அவருடைய பயணம் நாட்டார் கற்பனையில் ஊறி, பல நூற்றாண்டுகளுக்குப் பின் குரங்கு வீரன் சுன் வூகோங் துணைவரும் பெரும் புனைவாக மலர்ந்தது.

நாள்தோறும் எப்படிப் பழகுவது?

ஒரு நாளைக்கு ஒரு கதை போதும். வாசித்து முடித்ததும் நூலை மூடிவிட்டு, நினைவில் நிற்பதை ஐந்தாறு வரிகளில் எழுதுங்கள். பிறகு மூலத்தோடு ஒப்பிடுங்கள். நீங்கள் மறந்துவிட்டதைப் பற்றிக் கவலை வேண்டாம். மூலத்தில் இல்லாத எதையாவது நீங்களாகச் சேர்த்திருந்தால், அதன்கீழ் கோடிடுங்கள். அது உங்களுடையது. அங்கிருந்து எழுதத் தொடங்கலாம். அடுத்ததாக, உங்கள் ஊரில், உங்கள் வீட்டில், பேருந்தில் கேட்கும் வியப்பான செய்திகளை ஜிகுவாய் முறையில் குறித்துவையுங்கள்: பெயர், இடம், காலம், நடந்தது, முடிந்தது. உணர்ச்சிச் சொல் ஒன்றும் சேர்க்காதீர்கள். ஒரு மாதம் இப்படி எழுதியவர்களின் வாக்கியங்களில் தசை கரைந்து நரம்பு தெரிவதைக் கண்டிருக்கிறேன்.

பல மாதங்களாக எழுதியும் எதுவும் வெளியாகவில்லை. தொடரலாமா?

ஷான்தோங் மாநிலத்து ஜிச்சுவானில் 1640இல் பிறந்த பூ சோங்லிங் இளமையில் மாவட்ட அளவிலான அரசுத் தேர்வில் முதலிடம் பெற்றார். அதற்கு அடுத்த நிலைத் தேர்வில் வாழ்நாள் முழுவதும் தோற்றுக்கொண்டே இருந்தார். செல்வர் வீடொன்றில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளினார். அக்காலத்தில்தான் இக்கதைகளைச் சேர்த்தார், எழுதினார், திருத்தினார். நாலா திசைகளிலுமுள்ள நண்பர்கள் தாங்கள் கேட்ட கதைகளைத் தபாலில் அனுப்பிவைத்ததாக 1679இல் தாம் எழுதிய முன்னுரையில் குறிப்பிட்டிருக்கிறார். 500க்குச் சற்றுக் குறைவான கதைகள் சேர்ந்தன. அச்சிடப் பணமில்லை, கையெழுத்துப் படிகளாகவே நண்பர்களிடையே சுற்றின. 1715இல் அவர் இறந்தார். நூல் முதன்முதலில் அச்சேறியது 1766இல்.

அவர் அந்த ஐம்பத்தோரு ஆண்டுகளைப் பார்க்கவில்லை. ஆனால் எழுதிய கதைகளைப் படியெடுத்துக் கொடுக்க அவருக்கு நண்பர்கள் இருந்தார்கள். உங்களுக்கும் அப்படி ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். அடுத்த கதையை அவருக்காக எழுதுங்கள்.